‘கேட்ஸ்’ பிடித்துப்போனவருக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லண்டனுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் அலுவலகத்தில் மதிய உணவின்போது பேச்சு இசைநாடகங்கள் பக்கம் திரும்பியது. பார்த்ததிலேயே சிறந்தது எது, மட்டமானது எது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘லே மிசரப்ளே’தான் உச்சம் என்றார் ஒருவர், அதில்தான் தூங்கிவிட்டேன் என்றார் இன்னொருவர். மட்டமானது ‘கேரி’ என்பதில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. என் முறை வந்தபோது, ஊர் ஊராகப் போகும் குழு ஒன்று நடத்திய ‘கேட்ஸ்’ மிகவும் பிடித்தது என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கதையே இல்லாமல் பூனை வேஷம் போட்டு ஆடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

என் ரசனையில் கோளாறா? உங்கள் கணக்கில் சிறந்தது எது, மோசமானது எது? அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். ஆங்கிலம் தெரியாது. அவரை எதற்கு அழைத்துப் போகலாம்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

‘கேரி’யை அந்த மேசையில் இருந்தவர்களில் யார் பார்த்தார்கள் என்று கேட்டீர்களா? 1988 மே மாதம் நியூயார்க்கில் தொடங்கி ஐந்தே காட்சிகளில் அதை மூடிவிட்டார்கள். அதற்கு முன் 16 முன்னோட்டக் காட்சிகள், இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் சில வாரங்கள். அவ்வளவுதான் அதன் ஆயுள். 2012இல் திருத்தி எழுதி மறுபடி மேடையேற்றினார்கள், ஆனால் ஊர் வைவது பழைய ‘கேரி’யைத்தான். பார்த்தவர்களைவிடத் திட்டுகிறவர்கள் பல மடங்கு. ‘ஸ்பைடர்மேன்’ இசைநாடகத்துக்கும் இதே கதிதான். ஏழரைக் கோடி டாலர் செலவு, 182 முன்னோட்டக் காட்சிகள், கயிற்றில் பறந்த நடிகர்களுக்குக் காயம், நடுவழியில் இயக்குநர் ஜூலி டேமோர் வெளியேற்றம். விபத்தும் நஷ்டமும் நல்ல செய்தி. அதை வைத்து நாடகத்துக்கு மதிப்பெண் போட நான் தயாரில்லை.

எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று பாட ஆரம்பிக்கிறாரே, ஏன் அந்த நேரத்தில்? அங்கே பாட்டு வந்தே தீர வேண்டும் என்று நாற்காலியில் இருக்கும் எனக்கும் தோன்றினால் நாடகம் பிழைத்தது. இடம் தவறினால், எவ்வளவு நல்ல மெட்டானாலும் நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

நான் பார்த்ததில் மோசமானது, கூசாமல் சொல்கிறேன், குவீன் என்ற ராக் குழுவின் பாட்டுகளைக் கோத்துச் செய்த ‘வி வில் ராக் யூ’. 2002இல் லண்டன் டொமினியன் அரங்கில் தொடங்கியபோது விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். 12 ஆண்டுகள் ஓடியது! வாசலுக்கு மேலே அந்தக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் பிரம்மாண்டச் சிலை கையை உயர்த்திக்கொண்டு நின்றது. இசைக்கருவிகள் தடை செய்யப்பட்ட எதிர்கால உலகம். அதில் கலகம் செய்யும் நாயகன் பெயர் கலிலியோ, நாயகி ஸ்காரமூஷ். இரண்டும் குவீன் குழுவின் பாட்டு வரிகளிலிருந்து பிய்த்தெடுத்த பெயர்கள். ஆட்களுக்கே பாட்டிலிருந்துதான் பெயர் என்றால், அவர்கள் வாழ்வில் நடப்பதெல்லாம் அடுத்த பாட்டுக்கு வழிவிடத்தானே? நான் போன அன்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர்கள் தட்டியது குவீன் பாட்டுகளுக்கு. அவற்றுக்கு நானும் தட்டுவேன், வீட்டில் உட்கார்ந்துகொண்டே.

பழைய பாட்டுகளைக் கோத்துக் கதை பண்ணுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ‘மம்மா மியா’வும் அதே வகைதான். அதில் மகளின் திருமணத்தன்று தாய் அவளை அலங்கரிக்க உதவுகிறாள். அப்போது மகள் கைநழுவிப் போவதைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. ஆபா என்ற பாப் குழு 1981இல் அதை வெளியிட்டபோது அது பள்ளிக்கூடம் போகும் சிறுமியைப் பற்றியது. ஒரு வரியையும் பெரிதாகத் தொடாமல் அதை மணப்பெண்ணின் அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி கைப்பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

நம்மவர்கள் எப்படியும் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ பற்றிக் கேட்பார்கள். 2002இல் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரித்தது, இசை ஏ. ஆர். ரஹ்மான். ‘முதல்வன்’ படத்தின் ‘ஷக்கலக்க பேபி’ அங்கே மேடையில் நிஜ நீரூற்று பீறிட, நனைந்த உடையோடு ஆடும் ஆட்டமாக மாறியது. கதையே பம்பாய் சினிமாவைப் பற்றியது என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தியது. ‘உயிரே’யில் நாம் ‘தையா தையா’ என்று கேட்ட மெட்டும் இந்தி வடிவில் வந்தது. கூட்டம் துள்ளியது. சிக்கல் எங்கே என்றால், நாயகன் தனியாக நின்று தன் மனசைப் பாட வேண்டிய இடங்களில். மெட்டு நெளிந்து வளைந்து போக ஆசைப்படுகிறது. ஆங்கில வரிகள் நெஞ்சை நிமிர்த்தி நேராக நடக்கின்றன. லண்டனில் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது, நியூயார்க்கில் ஓராண்டுகூட நிற்கவில்லை.

சிறந்தது எது என்றால், ஒரு காலத்தில் மட்டமானவற்றின் பட்டியலில் இருந்த ஒன்றைத்தான் சொல்வேன். இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைமின் ‘மெரிலி வி ரோல் அலாங்’. 1981இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 16 காட்சிகளோடு முடிந்தது. கதை பின்னோக்கிப் போகிறது: பணமும் புகழும் வந்து நட்பெல்லாம் போன நடுவயதில் ஆரம்பித்து, மூன்று நண்பர்களின் இளமைக்குப் போய்ச் சேர்கிறது. நடித்தவர்கள் எல்லாரும் இளவட்டங்கள். யார் யாரென்று பார்வையாளர்களுக்குக் குழப்பம் என்பதால் பனியன்களில் எழுதி மாட்டிவிட்டார்கள். அப்படியும் ஜனங்கள் பாதியில் எழுந்து போனார்கள். சோண்ட்ஹைமும் இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸும் அதன்பின் நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்யவில்லை.

நான் பார்த்தது மரியா ஃப்ரீட்மன் இயக்கிய வடிவம், 2013இல் லண்டன் ஹெரால்ட் பின்டர் அரங்கில். அதில் ஒரு பாட்டு இரண்டு முறை வருகிறது. முதலில் நீதிமன்றப் படிகளில் விவாகரத்துக்கு நிற்கும் மனைவி பாடுகிறாள்: உன்னை நினைக்காமல் ஒரு நாளும் போகாது என்ற பொருளில், வெறுப்பும் ஆசையும் கலந்து. பிறகு காலம் பின்னால் போகிறது. அதே மெட்டை அவர்கள் தங்கள் திருமணத்தன்று உறுதிமொழியாகப் பாடுகிறார்கள். ஓரமாக நிற்கும் தோழி, மணமகனை யாரிடமும் சொல்லாமல் காதலிப்பவள், தானும் சேர்ந்து பாடுகிறாள். ஒரே பாட்டு, மூன்று பேருக்கும் மூன்று வேறு கதை; முடிவு தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான். கடைசிக் காட்சி 1957இல் ஒரு மொட்டைமாடி. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் தெரிகிறதா என்று இளைஞர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள், உலகமே இனி நம்முடையது என்று பாடுகிறார்கள். நாடகத்திலேயே மிகவும் நம்பிக்கையான பாட்டு அதுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1981இல் எழுந்து போனவர்கள் இந்த மொட்டைமாடிக்கு வந்து சேரவே இல்லை. ஃப்ரீட்மனின் அதே வடிவம் பிராட்வேக்குப் போய் 2024இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கியது.

‘லே மிசரப்ளே’யில் தூங்கியவரோடு எனக்குச் சண்டை இல்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், வசனம்கூடப் பாட்டாகத்தான் வரும். ஆனால் அதன் பழைய மேடையமைப்பில் சண்டை ஓய்ந்ததும், கலகம் செய்த மாணவர்கள் தெருவில் எழுப்பிய தடுப்புச்சுவர் முழுவதும் சுழலும் தரையில் மெல்லத் திரும்பும். அந்தப் பக்கத்தில் மாணவர் தலைவன் செங்கொடியின் மேல் தலைகீழாகச் சரிந்து கிடப்பான். அந்த நேரத்தில் ஒருவரும் பாட மாட்டார்கள். எங்கே பாடக் கூடாது என்று தெரிந்தவர்கள் செய்தது அது. 2019க்குப் பிறகு லண்டனில் அந்தச் சுழல்மேடை இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு.

இனி உங்கள் பூனைகள். கதை இல்லை என்பது உண்மைதான். டி. எஸ். எலியட் குழந்தைகளுக்கு எழுதிய பூனைக் கவிதைகளுக்கு லாயிட் வெப்பர் மெட்டுப் போட்டார். ஒவ்வொரு பூனையாக வந்து தன் பெருமையைச் சொல்லிவிட்டுப் போகிறது. நடுவில் எனக்கும் அலுத்தது. ஆனால் கிரிசபெல்லா என்ற கிழப் பூனை எலியட்டின் அச்சான புத்தகத்தில் கிடையாது. குழந்தைகளுக்கு இவ்வளவு சோகம் ஆகாது என்று அவர் விட்டுவிட்ட சில வரிகளை அவருடைய மனைவி பின்னாளில் வெப்பரிடம் கொடுத்தார். மற்ற பூனைகள் ஒதுக்கும் அவளுடைய பாட்டு, முதல் பாதி முடிகையில் லேசாகத் தலைகாட்டிவிட்டு நின்றுவிடும். முழுதாக வருவது இரண்டாம் பாதியில், கடைசி நேரத்தில். அவ்வளவு கும்மாளமும் அந்த ஒரு பாட்டைக் காக்கவைப்பதற்கான ஏற்பாடு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். லண்டனில் சரியாக 21 ஆண்டுகள் ஓடியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், கில்லியன் லின் அமைத்த ஆட்டம் உட்பட.

உங்களுக்குப் பிடித்தது ஆட்டமா, அந்தப் பாட்டா என்று கடிதத்தில் எழுதவில்லை. மேசையில் அதைச் சொல்லியிருந்தால் அவ்வளவு சுலபமாகச் சிரித்திருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு ‘தி லயன் கிங்’. 1999 முதல் லைசியம் அரங்கில் நடக்கிறது. இயக்கம் ‘ஸ்பைடர்மேன்’ வெளியேற்றிய அதே ஜூலி டேமோர். முதல் பாட்டு ஜூலு மொழியில் தொடங்குகிறது, அரங்கில் இருப்பவர்களில் அநேகமாக யாருக்கும் புரியாது. அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் இல்லை. விலங்குகள் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்துதான் மேடைக்குப் போகின்றன. மாடி மலிவு என்று அங்கே எடுத்துவிடாதீர்கள்: படிகள் செங்குத்து, யானையும் உங்களைத் தாண்டிப் போகாது. பகல் காட்சியாக, தரைத்தளத்தில் நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து எடுங்கள். கதையை முந்தின நாளே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், ஐந்து நிமிடம் போதும்.