குளிப்பாட்ட மாட்டேன் என்கிறாள், அது ஏன்?

கேள்வி: ‘ஷட்டர் ஐலண்ட்’ படத்தை நான்கு முறை பார்த்துவிட்டேன். நாயகன் போலீஸ் அதிகாரியா, நோயாளியா? நண்பர்களோடு சண்டையே வந்துவிட்டது. மனைவியையும் பார்க்க வைத்தேன். ஏரிக் காட்சி வந்ததும் எழுந்து போய்விட்டாள். ஏழு மாதக் கைக்குழந்தை, அசதி போல. இப்போதெல்லாம் குழந்தையைக் குளிப்பாட்டவும் மாட்டேன் என்கிறாள், பக்கத்து வீட்டு அக்காதான் வருகிறார். அது இருக்கட்டும், படத்துக்கு விளக்கம் சொல்லுங்கள்.

பதில்: நோயாளிதான். 1954இல் பாஸ்டன் பக்கத்துத் தீவு மனநல மருத்துவமனைக்குத் துப்பறிய வந்ததாக நினைத்துக்கொள்கிறார். இரண்டு வருடமாக அங்கேயே இருப்பவர். இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றத் தெரியாமல் திணறுகிறாரே கூட்டாளி, அவர் இவருடைய டாக்டர். கடைசியில் இவர் தெளிந்தே, தெளியாதவர் போல மூளை அறுவைக்கு நடந்து போகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. படத்துக்கு இவ்வளவு போதும்.

தம்பி, எதை ‘இருக்கட்டும்’ என்கிறீர்கள்? படத்தில் மூன்று பிள்ளைகளை ஏரியில் மூழ்கடித்த நாயகனின் மனைவி, அதற்கு முன்பே புருஷனிடம் சொன்னாள், மூளைக்குள் ஒரு பூச்சி இருக்கிறது என்று. குடியிருந்த வீட்டுக்கே தீ வைத்தாள். அவர் வைத்தியம் பார்க்காமல் ஏரிக்கரையில் வீடு பார்த்தார். சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை என்று பிறகு அழுகிறார். நான்கு முறை பார்த்தும் அது உங்கள் காதில் விழவில்லையா?

உங்கள் மனைவி அப்படிச் செய்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே, நம் கையாலேயே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வேண்டாத நினைப்பு வரும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, பிள்ளையைத் தொடாமலே ஒதுங்குவார்கள். அந்தத் தாய்மார்கள் எனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். புருஷன்மார் எழுதினால் உங்களைப் போல ஒரே வரி. கட்டியவள் ராத்திரி தூங்கினாளா என்பது கட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவள் அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்து சொல்லக் கூடாது.

இன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டு, “குளிப்பாட்டப் பயமா இருக்கா?” என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் பதறாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். இந்த வாரமே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, சாக வேண்டும் போலிருக்கிறது என்றாலோ, அன்றே போக வேண்டும். அதுவரை அவளையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள்.

அப்புறம், நாளைக்கு அந்த அக்கா வரும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, முழங்கையில் வெந்நீரின் சூடு பார்த்து ஊற்றக் கற்றுக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து குளிப்பாட்டுவது உங்கள் வேலை. துவைத்த துண்டை மட்டும் அவள் கையில் கொடுத்து வையுங்கள்.