மூன்று பேரை ரீகால் செய்தால் சூப்பரின்டென்டென்ட் திரும்பி வருவாரா?

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் வசிக்கிறோம். எங்கள் பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட்டை, தேர்தலில் வென்று வந்த ஐந்து பேர் கொண்ட பள்ளி வாரியம் போன மாதம் 3–2 வாக்கில் வேலையை விட்டு அனுப்பிவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நிறைய நல்லது செய்தவர் அவர். அந்த நீக்கத்தை ஆதரித்து வாக்களித்த மூன்று பேரையும் ரீகால் செய்ய வேண்டும், அதாவது மனுவில் கையெழுத்துச் சேர்த்துத் தேர்தல் வைத்து இடையிலேயே பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. கையெழுத்துக்கு இத்தனை டாலர் என்று வாங்கித் தருவதாக ஒரு கம்பெனி ஆளும் வந்து பேசினார். மாவட்டத்தில் சுமார் 60,000 வாக்காளர்கள். என் கணவர் அமெரிக்கக் குடிமகன், எனக்கு கிரீன் கார்டு. நான் கையெழுத்துப் போடலாமா? இதில் இறங்கினால் சூப்பரின்டென்டென்ட் திரும்பி வருவாரா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ரீகாலால் அவர் திரும்பி வர மாட்டார். ரீகால் வாரிய உறுப்பினரை நாற்காலியிலிருந்து இறக்கும். அவர் ஏற்கெனவே வாக்களித்து நிறைவேற்றிய தீர்மானம் அப்படியே நிற்கும். காரணம் சொல்லாமல் அனுப்பும்போது பொதுவாக ஒப்பந்தப்படி ஒரு தொகை கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அதற்கு 12 மாதச் சம்பளம் என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் ஓடியாடித் தேர்தலை நடத்தி முடிப்பதற்குள் அவர் வேறு மாவட்டத்தில் சேர்ந்து வீடும் மாறியிருப்பார். புதிதாக வரும் வாரியம் நினைத்தால் அவரை மறுபடி கூப்பிடலாம். அதை நம்பி ஓராண்டு உழைப்பைப் போடாதீர்கள்.

ஆகவே ஒன்றை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் கோபம் அந்த முடிவின் மேலா, அந்த மூன்று பேரின் போக்கின் மேலா? முடிவின் மேல் என்றால் வேறொரு கதவு இருக்கிறது. அது சீக்கிரம் மூடிவிடும்.

அந்தக் கூட்டத்தின் அஜெண்டாவை எடுத்துப் பாருங்கள். அது மாதாமாதம் நடக்கும் வழக்கமான கூட்டமா, திடீரென்று கூட்டிய சிறப்புக் கூட்டமா? 2023 ஜனவரியில் ஆரஞ்ச் கவுன்டியின் ஆரஞ்ச் யூனிஃபைட் மாவட்டத்தில், விடுமுறை முடிவதற்குள் ஒரு சிறப்புக் கூட்டம் போட்டு 4–3 வாக்கில் சூப்பரின்டென்டென்ட்டை நீக்கினார்கள். ஊரே கொதித்தது. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காரணம் காட்டாமல் சூப்பரின்டென்டென்ட்டையோ துணை சூப்பரின்டென்டென்ட்டையோ சிறப்புக் கூட்டத்திலோ அவசரக் கூட்டத்திலோ நீக்கக் கூடாது. தேர்தலுக்குப் பிறகு வாரியம் முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து 30 நாளுக்குள்ளும் நீக்கக் கூடாது. உங்கள் வாரியம் இந்த இரண்டில் ஒன்றை மீறியிருந்தால், வாட்ஸ்அப் குழுவை விட்டுவிட்டு நேரே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.

அஜெண்டாவில் அந்த விஷயமே இல்லை, அல்லது வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பதை வெளியே வந்து அறிவிக்கவில்லை என்றால், பிரவுன் சட்டம் என்கிற திறந்த கூட்டச் சட்டம் கைகொடுக்கலாம். முடிவைத் திருத்தும்படி வாரியத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். மூடிய அமர்வில் எடுத்த முடிவு என்றால் அதற்குக் கெடு 90 நாள். உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

ஏன் காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றால், பணியாளர் விவகாரத்தை மூடிய அமர்வில் பேசச் சட்டம் இடம் தருகிறது. உள்ளே பேசியதை வெளியே சொல்லும் உறுப்பினர் தானே சட்டத்தை மீறியவராகிறார். எதிர்த்து வாக்களித்த இரண்டு பேரும்கூட உங்களிடம் வாய் திறக்க முடியாது. ஊர்ப் பணத்தில் சம்பளம் வாங்கியவரை ஊர்ப் பணத்தில் செட்டில்மென்ட் கொடுத்து அனுப்பிவிட்டு, ஏன் என்று கேட்டால் ரகசியம் என்கிற ஏற்பாடு எத்தனை வருடமானாலும் எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. ஆனால் அவருடைய ஒப்பந்தமும் செட்டில்மென்ட் பத்திரமும் பொது ஆவணங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும். நாளைக்கே எழுதிக் கேளுங்கள்.

சரி, கோபம் ஆட்களின் மேல்தான், ரீகால்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பார்ப்போம்.

உங்கள் உறுப்பினர்களை மாவட்டம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறதா, தொகுதி தொகுதியாகவா? எல்லாமே இதில்தான் மாறும். மாவட்டம் முழுவதும் என்றால், 50,000 முதல் 99,999 வாக்காளர் உள்ள இடத்தில் 15 சதவீதம் கையெழுத்து வேண்டும். உங்களுக்கு ஒவ்வொரு உறுப்பினருக்கும் 9,000. அதற்கு 160 நாள் தருவார்கள். தொகுதி முறை என்றால், ஐந்தில் ஒன்று சுமார் 12,000 வாக்காளர் இருக்கும். அங்கே 20 சதவீதம், அதாவது 2,400 கையெழுத்து, 120 நாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுதியில் வாக்குரிமை உள்ளவர்கள் மட்டுமே கையெழுத்துப் போட முடியும். அடுத்த தெருவில் இருக்கும் உங்கள் தோழி வேறு தொகுதி என்றால் அவர் கையெழுத்து செல்லாது. மூன்று பேர் என்றால் மூன்று தனித்தனி மனுக்கள்.

காலம்? முதலில் நோட்டீஸ். அதில் காரணத்தை 200 சொல்லுக்குள் எழுத வேண்டும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 7 நாள், அதுவும் 200 சொல். பிறகு மனுவின் படிவத்தைத் தேர்தல் அலுவலகம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரு வரி பிசகினாலும் திருப்பி அனுப்புவார்கள், நீங்கள் திருத்திக் கொடுத்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். பெற்றோர் களைத்துப்போய் விட்டுவிடட்டும் என்றே செய்கிறார்களோ என்று தோன்றும் அளவுக்கு இது இழுக்கும். 2023இலிருந்து இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. மனுவை 10 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் பொய்யோ திரிப்போ இருப்பதாக எந்த வாக்காளரும் நீதிமன்றம் போகலாம். ஆகவே அந்த 200 சொல்லில் வாட்ஸ்அப்பில் வந்த கதையை எழுதாதீர்கள். ‘இந்தத் தேதியில் இப்படி வாக்களித்தார்’ என்பது போதும்.

அப்புறம் கையெழுத்து வாங்கும் நாட்கள். அதைச் சரிபார்க்க 30 வேலை நாள். தேர்தலுக்கு உத்தரவிட வேண்டியது யார் தெரியுமா? அதே பள்ளி வாரியம். 14 நாளுக்குள் அவர்கள் உத்தரவு போடவில்லை என்றால்தான் கவுன்டி அதிகாரி போடுவார். உத்தரவுக்குப் பிறகு 88 முதல் 125 நாளுக்குள் தேர்தல், பக்கத்தில் வேறு தேர்தல் வந்தால் அதனோடு சேர்த்து வைக்க 180 நாள் வரை தள்ளலாம். கூட்டினால் ஓராண்டு. பதவிக்காலம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவர்மேல் ரீகாலைத் தொடங்கவே முடியாது. மூவரில் யாருக்காவது அடுத்த நவம்பரிலேயே தேர்தல் என்றால் ரீகாலை விட்டுவிட்டு நல்ல வேட்பாளரைத் தேடுங்கள். தேர்தல் செலவும் பொதுவாகப் பள்ளி மாவட்டத்தின் தலையில்தான் விழும்.

இப்போது அந்தக் கம்பெனி ஆளைப் பற்றி. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

கையெழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவது கலிபோர்னியாவில் சட்டப்படி சரிதான். சிக்கல் என்னவென்றால், அவருக்கு எண்ணிக்கைக்குக் காசு, உங்களுக்குத் தேவை செல்லுபடியாகும் கையெழுத்து. சூப்பர்மார்க்கெட் வாசலில் நின்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் வாங்குவார்கள். பக்கத்து ஊர்க்காரர், வாக்காளராகப் பதியாதவர், ஏற்கெனவே போட்டவர் எல்லாம் அதில் இருப்பார்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு பெற்றோர் குழு, பெயர் வேண்டாம், இப்படித்தான் சேர்த்த பணம் முழுவதையும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. சரிபார்ப்பில் மனு விழுந்தது. குறைந்த கையெழுத்தைப் பிறகு சேர்த்துக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. முதல் பக்கத்திலிருந்து புதிய மனு. அந்தத் தாய்மார்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றதெல்லாம் வீண்.

கையெழுத்திட்டவர் தன் பெயரையும் முகவரியையும் தன் கையால் எழுத வேண்டும். ‘நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், மீதியை நான் நிரப்பிக்கொள்கிறேன்’ என்று சொல்லும் ஆளை உடனே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு தாளின் கீழும், தன் கண் முன்னால் போட்ட கையெழுத்து என்று வாங்கியவர் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூற வேண்டும். வேறு மாநிலத்து மாதிரிப் படிவத்தைக் காட்டினால் வாங்காதீர்கள். கலிபோர்னியாவில் மாநிலச் செயலர் அலுவலகம் தரும் வடிவம் மட்டும்தான். மனுவில் உள்ள பெயர்களை வேறு எதற்கும் பயன்படுத்துவது குற்றம். ‘பட்டியலை நாங்கள் வைத்துக்கொள்வோம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் குழுவே வீடு வீடாகப் போய், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவதுதான் நான் எப்போதும் சொல்வது.

பணம் சேர்ப்பதிலும் கவனம். ஓராண்டில் 2,000 டாலரைத் தொட்டால் நீங்கள் ஒரு பிரசாரக் குழு, பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். யாரோ ஒருவருடைய ஸெல் (Zelle) பணப் பரிமாற்றக் கணக்கில் எல்லாரும் போட்டுவைப்பது வழக்காக முடியும். விசாவில் இருப்பவர்களிடம் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். தமிழ்ப் பள்ளியின், கோயிலின் மின்னஞ்சல் பட்டியலைத் தொடாதீர்கள். அவற்றின் வரிவிலக்குக்குச் சிக்கல் வரும்.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. மனுவில் கையெழுத்திடப் பதிவுபெற்ற வாக்காளராக இருக்க வேண்டும், அதற்குக் குடியுரிமை வேண்டும். உங்கள் கணவர் போடலாம். ஆனால் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்க 18 வயது நிரம்பியிருந்தால் போதும், கிரீன் கார்டோடு நீங்கள் அதைச் செய்யலாம். விசாவில் உள்ளவர்கள் அதற்குக் கூலி மட்டும் வாங்கக் கூடாது.

ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை போட்டுக் கையெழுத்து வாங்கும் இடத்தில், ‘நீங்கள் இன்னும் பதியவில்லையா, இந்தப் படிவத்தை நிரப்புங்கள்’ என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். வாக்காளர் பதிவுப் படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்தால், குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னதாகும். கிரீன் கார்டே போகலாம். பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று கேட்பார்கள். 2018இல் ஓட்டுநர் உரிமம் தரும் மாநில வாகனத் துறையின் தவறால் சுமார் 1,500 பேர் தவறாக வாக்காளர்களாகப் பதிவானார்கள், அதில் குடியுரிமை இல்லாதவர்களும் இருந்தார்கள். அங்கே வாங்கும் தாளையும் படித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, வாசகர்கள் பலர் இதைக் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோ நகரில், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2016இல் வாக்காளர்கள் முடிவு செய்தார்கள். 2022 பிப்ரவரியில் அங்கே மூன்று வாரிய உறுப்பினர்களை ரீகால் செய்தபோது அந்தப் பெற்றோரும் வாக்களித்தார்கள். அதே ஆண்டு கீழ் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. தேர்தலுக்குத் தேர்தல் தனிப் படிவத்தில் பதிய வேண்டும். 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அந்த நகரில் வசிக்க வேண்டும். அந்தத் தகவல் குடியேற்றத் துறைக்குப் போகலாம் என்று நகரத் தேர்தல் அலுவலகமே எச்சரிக்கிறது. ‘சான் பிரான்சிஸ்கோவில் எங்கள் மாமா போட்டார்’ என்ற பேச்சைக் கேட்டு உங்கள் ஊரில் யாரும் பதிந்துவிடக் கூடாது. அங்கே வசிப்பவர்களும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்ட பிறகுதான் செய்ய வேண்டும்.

ஜெயித்த பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 2023இலிருந்து உள்ளாட்சி ரீகால் வாக்குச்சீட்டில் ‘இறக்கவா, வேண்டாமா’ என்பது மட்டும்தான், மாற்று வேட்பாளர் இல்லை. இறக்கினால் இடம் காலி. மீதி வாரியம் நியமிக்கலாம் அல்லது தேர்தல் வைக்கலாம். உங்கள் ஐந்தில் ஒருவரை மட்டும் இறக்கினால் 2–2, நியமனமே தொங்கும். மூவரையும் இறக்கினால் வாரியத்தில் பெரும்பான்மையே இல்லை, கவுன்டி கல்வி வாரியத் தலைவர் தன் உறுப்பினர்களைத் தற்காலிகமாக உட்கார வைப்பார். ஆரஞ்ச் யூனிஃபைடில் நீக்கத்துக்கு வாக்களித்த நால்வரில் இருவரைத்தான் குறிவைத்தார்கள், 2024 மார்ச்சில் இருவரும் போனார்கள், ஏழு பேர் வாரியத்தில் எடை மாறியது. டெமெக்குலா என்ற இன்னொரு கலிபோர்னியப் பள்ளி மாவட்டத்தில் 2024 ஜூனில் இறக்கிய ஒருவர், அதே நவம்பரில் நின்று வென்று திரும்பிவிட்டார். இறக்கியவர் மறுபடி நிற்கத் தடை இல்லை.

இந்த வாரம் கவுன்டி வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கு உங்கள் கணவர் போகட்டும். மூவரின் பதவிக்காலம் என்று முடிகிறது, தொகுதி முறையா, எத்தனை கையெழுத்து என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கி வாருங்கள். அஜெண்டாவும் ஒப்பந்தமும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தக் கம்பெனிக்கு முன்பணம் எதுவும் தர வேண்டாம்.