இலவச மென்பொருளில் ஆபீஸ் இன்டர்காம்: செலவு எங்கே, சிக்கல் எங்கே?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். ஆபீஸ், குடோன் இரண்டிலும் சேர்த்து 24 இன்டர்காம், 4 லேண்ட்லைன். இவற்றை இணைக்கும் பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டி அடிக்கடி பழுதாகிறது, அதற்குக் கார்டும் கிடைப்பதில்லை. புதுப் பெட்டிக்கு வந்த கொட்டேஷன் கட்டுப்படியாகவில்லை. 'ஆஸ்டரிஸ்க் என்று ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, பழைய கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம்' என்கிறான் மகன். நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் இலவசம் என்பது மென்பொருளுக்கு மட்டும்தான். லைன், கேட்வே (போன் ஒயரைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி), யுபிஎஸ் எல்லாவற்றுக்கும் காசு உண்டு. அதைவிட முக்கியம், இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மகன் நாளைக்கு வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது? அதை முடிவு செய்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஆள் இல்லை என்றால் கொட்டேஷன் கொடுத்தவரிடமே பேரம் பேசுவது நல்லது.

ஆஸ்டரிஸ்க் நேற்று முளைத்த சரக்கு அல்ல. 1999இல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சின்னக் கம்பெனிக்கு பிபிஎக்ஸ் (உங்கள் பெட்டி மாதிரியான ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச்) வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே எழுத ஆரம்பித்தது. உங்கள் கதையேதான்! அவருடைய டிஜியம் நிறுவனத்தை 2018இல் கனடாவின் சங்கோமா வாங்கியது. உலகம் முழுக்க கால் சென்டர்கள்கூட இதில் ஓடுகின்றன. 24 இன்டர்காம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வெறும் ஆஸ்டரிஸ்க்கை எடுத்தால் எல்லாவற்றையும் கன்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் கையால் எழுத வேண்டியிருக்கும். அதன் மேல் பிரவுசர் வழியாக வேலை பார்க்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸை எடுக்கச் சொல்லுங்கள். 17ஆம் பதிப்பு டெபியன் 12 என்ற லினக்ஸில் நிறுவும்படி வருகிறது. சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் போடச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம். அதற்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. ஃப்ரீஸ்விட்ச் என்று இன்னொன்றும் உண்டு. நல்ல மென்பொருள்தான், ஆனால் சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு அது. உங்களுக்கு வேண்டாம்.

கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றிப் புது எஸ்எஸ்டி போடுங்கள். எல்லா அழைப்பையும் ரெக்கார்டு செய்தால் ஒரு நிமிடப் பேச்சு சாதாரண வேவ் ஃபைலாக ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும், எஸ்எஸ்டி அளவை அதற்கேற்பப் பாருங்கள்.

இருக்கிற இன்டர்காம் போன்களையும் ஒயரிங்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 24 போர்ட் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே ஒன்று போதும். வெளி லைன்களுக்கு 4 போர்ட் எஃப்எக்ஸ்ஓ கேட்வே. பெயர் குழப்பும், கடையில் மாற்றி வாங்கி வந்துவிடுவார்கள்: போனைச் செருகுவது எஃப்எக்ஸ்எஸ், எக்ஸ்சேஞ்ச் லைனைச் செருகுவது எஃப்எக்ஸ்ஓ.

இந்த எஃப்எக்ஸ்ஓவில்தான் நம் ஊரில் பலர் மாட்டுவது. வெளியிலிருந்து அழைத்தவர் போனை வைத்துவிடுவார். அது உங்கள் கேட்வேக்குத் தெரியாது. லைனைப் பிடித்தபடியே இருக்கும். மதியத்துக்குள் 4 லைனும் 'பிஸி' ஆகிவிடும், ஆனால் ஆபீஸில் ஒருவரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். அழைப்பு முடிந்ததும் லைனில் போலாரிட்டி (பிளஸ்-மைனஸ் திசை) மாற்றித் தர முடியுமா என்று எக்ஸ்சேஞ்சில் கேளுங்கள். முடியாது என்றால் பிஸி டோனைக் கேட்டுத் துண்டிக்கும்படி கேட்வேயில் அமைக்கலாம். அங்கே நாட்டை இந்தியா என்று வைக்க வேண்டும். நம் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் வினாடி ஒலிக்கும், முக்கால் வினாடி நிற்கும். அமெரிக்க அமைப்பிலேயே விட்டால் கேட்வேக்கு இது பிஸி டோன் என்றே புரியாது. காலர் ஐடி வராததற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். கேட்வேக்குப் பதில் கம்ப்யூட்டருக்குள்ளேயே கார்டு போடுகிறவர்களுக்காக, ஆஸ்டரிஸ்க்கின் மாதிரி கன்ஃபிக் ஃபைலில் இந்தியாவுக்கென்றே ஒரு காலர் ஐடி அமைப்பு இருக்கிறது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், லேண்ட்லைன் தரும் நிறுவனத்திடமே சிப் (SIP) டிரங்க், அதாவது செப்புக்கம்பிக்குப் பதில் டேட்டா இணைப்பு வழியாக வரும் போன் லைன், கேளுங்கள். அதே எண்ணை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கேபிபிஎஸ் அளவுக்கு இணைப்பு வேகம் ஆகும். ஒரே நேரத்தில் 8 பேர் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. டிரங்க்கை உரிமம் உள்ள நிறுவனத்திடம் மட்டுமே வாங்குங்கள். 'வெளிநாட்டு அழைப்பு பாதி விலையில், சிம் போடும் பெட்டி தருகிறோம்' என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது சிம் பாக்ஸ், வெளிநாட்டு அழைப்பைத் திருட்டுத்தனமாக உள்ளூர் சிம் வழியே திருப்பும் பெட்டி. போலீஸ் கேஸ் ஆகும்.

சிப்புக்கு மாறியதும் வரும் முதல் புகார் 'நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை' என்பதுதான். போன் ரிப்பேர் என்று நினைத்து மாற்றாதீர்கள். உங்கள் ஆஸ்டரிஸ்க் கம்ப்யூட்டர் 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று சொல்லும்போது 192.168.1.10 மாதிரி உள் முகவரியைக் கொடுத்திருக்கும். வெளியே இருப்பவர் அந்த முகவரிக்கு எப்படி அனுப்புவார்? ஃப்ரீபிபிஎக்ஸில் சிப் செட்டிங்ஸ் பக்கத்தில் வெளி முகவரி, உள் நெட்வொர்க் இரண்டையும் சரியாகக் கொடுத்து, ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று இருப்பதை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முகவரியைத் தானே மாற்றி, உதவி செய்கிறேன் என்று வந்து கெடுக்கும் வசதி அது.

அடுத்தது பாதுகாப்பு. இதில் அலட்சியம் கூடவே கூடாது. சிப் அழைப்புகள் வரும் 5060 போர்ட்டை (நெட்வொர்க் வாசல்) இணையத்துக்குத் திறந்து வைத்தால் சீக்கிரமே யாரோ 100, 101 என்று எக்ஸ்டென்ஷன் (இன்டர்காம்) எண்களைத் தட்டிப் பார்ப்பது லாகில் (பதிவு ஃபைலில்) தெரியும். 101க்கு 101 என்றே பாஸ்வேர்டு வைத்திருந்தால் சனிக்கிழமை இரவு உள்ளே வந்து, ஞாயிறு முழுக்க வெளிநாட்டுக்குப் பேசித் தீர்ப்பார்கள். பில் உங்களுக்கு. டிரங்க் தருபவரின் முகவரியைத் தவிர யாருக்கும் அந்த போர்ட் தெரியக் கூடாது. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் லைன் தரும் நிறுவனத்திடம் சொல்லி அங்கேயே முடக்கிவிடுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸின் நிர்வாகப் பக்கமும் ஆபீஸுக்குள் மட்டுமே திறக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது அடிபட்டவர்கள், அந்தப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்கள்தான்.

கரண்ட் போனாலும் செப்புக்கம்பி லைன் வேலை செய்யும், எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். ஆனால் இனி கம்ப்யூட்டர், ஸ்விட்ச், கேட்வே, ரவுட்டர் நான்குமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒரு லேண்ட்லைனையாவது நேரடியாக ஒரு சாதா போனில் விட்டு வையுங்கள்.

மகனை முதலில் குடோனில் 3 எக்ஸ்டென்ஷன், 1 லைன் மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெட்டி அதுவரை அப்படியே இருக்கட்டும். வெளியூர் போகும் சேல்ஸ்மேன்களுக்கு செல்போனையே இன்டர்காமாக்கும் சாஃப்ட்போன் ஆப் போட்டுத் தர அவர் ஆசைப்படுவார். ஸ்கிரீன் அணைந்ததும் ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும், அழைப்பு வராது. அவர்களுக்கு ஃபாலோ மீ வைத்து, செல் எண்ணுக்கே அழைப்பைத் திருப்பிவிடுவது போதும். ஆனால் அப்படித் திருப்பும் ஒவ்வொரு அழைப்பும், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 2 லைனைப் பிடிக்கும். டிரங்க்கில் எத்தனை சேனல் (ஒரே நேரத்தில் பேசக்கூடிய லைன்) வாங்குவது என்று கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.