சோக் போட்டா ஓடுது, எடுத்தா நின்னுடுது, ஏன்?

2004 மாடல் 100 சிசி பைக், காலைல பதினஞ்சு கிக் ஆகுது, சோக்கை எடுத்ததும் ஆஃப் ஆகுதுன்னு கேட்டிருக்கீங்க. சோக் போட்டா காத்து குறைஞ்சு பெட்ரோல் பங்கு கூடும், அப்போ மட்டும் ஓடுதுன்னா ஐடிலிங்ல (ஆக்ஸிலரேட்டர் திருகாம இன்ஜின் சும்மா ஓடறப்ப) பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம், அதனால எனக்கு முதல் சந்தேகம் காத்தையும் பெட்ரோலையும் கலக்கற கார்புரேட்டர்ல இருக்கற பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடற குட்டி ஜெட்) மேலதான், அதோட ஓட்டை அவ்ளோ சின்னது, ரெண்டு மூணு மாசம் வண்டி சும்மா நின்னாலே பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி அடைச்சுக்கும். கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியணும். தயவுசெஞ்சு கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும், கார்ப் கிளீனர் அடிச்சு காத்து ஊதினா போதும்.

ஜெட்டைத் தொடறதுக்கு முன்னாடி ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிப் பாத்துடுங்க, வெள்ளையா வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி, கரியா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, காப்பிப்பொடி கலர்ல இருந்தா சரி.

ஜெட் சுத்தமா இருந்தும் ஐடிலிங் ஏறி இறங்குதா? கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற மேனிஃபோல்டு குழாய்ல வெடிப்பு இருக்கலாம், ஓடும்போது அங்க லேசா தண்ணி தெளிங்க, சத்தம் மாறுச்சுன்னா அங்கதான் காத்து இழுக்குது. டேப்பட் (வால்வுக்கு விடற இடைவெளி) டைட்டா இருந்தாலும் வால்வு முழுசா மூடாம, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) போய் ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும், அதை இன்ஜின் ஆறினப்புறம்தான் செக் பண்ணணும். ஐடிலிங் வேகத்தைக் கூட்டற ஐடில் ஸ்க்ரூவை மட்டும் ஏத்தி விட்டு ஓட்டாதீங்க, கோளாறு அப்படியே உள்ளதான் இருக்கும்.