போட்டோஷாப்பில் போஸ்டரின் அளவைக் குறைத்தால் எழுத்தின் ஸ்ட்ரோக்கும் (எழுத்தைச் சுற்றிய கோடு) நிழலும் மட்டும் ஏன் தடித்துப்போகின்றன?

அவை தடிக்கவில்லை. இருந்த அளவிலேயே நின்றுவிட்டன, எழுத்துதான் சுருங்கியிருக்கிறது. லேயர் ஸ்டைலில், அதாவது ஒரு லேயருக்குக் கொடுக்கும் அலங்காரங்களில், ஸ்ட்ரோக்கின் தடிமனும் நிழலின் தூரமும் பிக்சல் கணக்கில் பதிந்த எண்கள். 4000 பிக்சல் அகலப் போஸ்டரை 1000க்குக் கொண்டுவந்தால் எழுத்து கால்வாசியாகும். 8 பிக்சல் ஸ்ட்ரோக் அதே 8. ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கும். தமிழில் ‘ண’, ‘ஞ’ சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு மசிக்கறை மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் இமேஜ் சைஸ் பெட்டியில்தான் குறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் மேல் வலது மூலையில் பல்சக்கரக் குறி இருக்கும். அதைத் தட்டி ‘ஸ்கேல் ஸ்டைல்ஸ்’ டிக் செய்யுங்கள். பழைய சிஎஸ்6 பதிப்பு வரை இது பெட்டியின் அடியிலேயே இருந்தது. அந்த வரி தட்ட முடியாமல் மங்கலாக இருந்தால் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலி கழன்றிருக்கிறது, மாட்டிவிடுங்கள்.

கண்ட்ரோல் + டி போட்டு ஒரு லேயரை மட்டும் சுருக்கினால் இந்த டிக் உதவாது. எண்டர் தட்டுமுன் மேல்பட்டையில் எத்தனை சதவீதம் என்று பார்த்துவையுங்கள். பிறகு லேயர் பேனலில் எஃப்எக்ஸ் குறியின் மேல் வலது கிளிக், ‘ஸ்கேல் எஃபெக்ட்ஸ்’, அதே சதவீதம்.

டிக் போட்டும் சரியாக வரவில்லை என்று சண்டைக்கு வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த எண்கள் முழு எண்களாகத்தான் நிற்கும். 3 பிக்சல் ஸ்ட்ரோக்கின் கால்பங்கு 0.75, அது 1 ஆகிவிடும், அதாவது வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு தடிமன். எழுத்தை மேடாகக் காட்டும் பெவலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சுருக்கிய கோப்பைத் திரும்பப் பெரிதாக்கினாலும் பழைய எண் வராது. எப்போதும் மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். சின்ன அளவுக்கு நான் சொல்வது: இமேஜ் மெனுவில் டூப்ளிகேட், அதில் மெர்ஜ்டு லேயர்ஸ் (ஒன்றாக இணைத்த லேயர்கள்) மட்டும் என்று டிக் செய்து, அந்த நகலைச் சுருக்குங்கள். ஸ்ட்ரோக் படத்தோடு படமாகச் சுருங்கும். ‘எல்லாவற்றையும் ராஸ்டரைஸ் செய்துவிடு’ (எழுத்தைத் திருத்த முடியாத வெறும் படமாக்கிவிடு) என்று மூலக் கோப்பிலேயே கைவைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நாளைக்குத் தேதி மாற்றச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

பேனருக்காகப் பெரிதாக்குவது வேறு கதை.

பெரிதாக்கும்போது ஸ்ட்ரோக் 250 பிக்சலில் முட்டி நிற்கும். 80 பிக்சல் நான்கு மடங்கானால் 320 வேண்டும், 250தான் கிடைக்கும். லேயர் ஸ்டைல் பெட்டியில் ஸ்ட்ரோக்கின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டி இன்னொரு ஸ்ட்ரோக் சேர்த்தும் பயனில்லை, இரண்டும் எழுத்தின் விளிம்பிலிருந்தே தொடங்கும். அளவை முடிவுசெய்தபின் எழுத்தை அந்த ஸ்ட்ரோக்கோடு ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி (ஒரே பொருளாகப் பொதிந்து), அதற்கு வெளிப்பக்கமாக அதே நிறத்தில் மீதி 70 கொடுங்கள்.