பழைய மோட்டார்ஹோம்: ஓடிய தூரம் குறைவு என்றால் வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், ஓய்வு பெற்றவன். பஸ் சேசியில் வீடு கட்டிய பெரிய மோட்டார்ஹோம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1998 மாடல், ஓடியது வெறும் 92,000 கிலோமீட்டர். விற்பவர் தனிநபர். ரோட்வொர்த்தி (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) எடுத்துத் தருகிறேன் என்கிறார். பேரப்பிள்ளைகளோடு டிராகன்ஸ்பெர்க், செயின்ட் லூசியா என்று சுற்ற ஆசை. வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 92,000 கிலோமீட்டரை முதலில் மறந்துவிடுங்கள். பஸ்ஸின் டீசல் எஞ்சினுக்கு அது பெரிய தூரமே இல்லை. இந்த மாதிரி வண்டிகள் நின்று நின்றுதான் கெடுகின்றன. ஈஸ்டருக்கு ஒரு தடவை, டிசம்பருக்கு ஒரு தடவை எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் டர்பன் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வாசலில் நிற்கும். அதனால் விற்பவரிடம் ஒவ்வொரு சாமானும் எந்த வருஷம் மாற்றியது என்று கேளுங்கள். அவர் அதற்கு ரசீது எடுத்துக் காட்டினால் அவரோடு பேசலாம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னால், எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டயரில் ஆரம்பியுங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் டயரின் பிறந்த தேதி. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வரிப்பள்ளம் 1 மில்லிமீட்டர் இருந்தாலே சட்டத்துக்குப் போதும், ரோட்வொர்த்தியும் கிடைத்துவிடும். பள்ளம் புதுசு போல இருந்தும் ரப்பர் வெயிலில் காய்ந்து, நூல் நூலாக வெடித்திருக்கும். ஏழெட்டு வருஷம் தாண்டியிருந்தால் அது டயர் கணக்கில் சேராது. பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்பக்கத்து டயரையும் குனிந்து பாருங்கள். வெளியில் இரண்டு புது டயர் மாட்டிவிட்டு உள்ளே பழையதை விட்டுவைப்பது இங்கே சாதாரணமாக நடக்கிற வேலை.

அடுத்து ஈரம். இந்த வண்டிகளுக்கு உண்மையான எமன் இதுதான். பெரும்பாலானவற்றில் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம், அதன்மேல் மெல்லிய பிளைவுட். ஜன்னல் ஓரம், கூரை வென்ட், மூலை இணைப்பு என்று எங்காவது சீலன்ட் விட்டுப்போனால் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கி மரத்தைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் பளபள என்று இருக்கும். ஜன்னலுக்குக் கீழேயும், கட்டிலுக்கு மேல் மூலையிலும், அலமாரிக்குள்ளும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிஸ்கட் போல அமுங்கினால் உள்ளே மரம் போய்விட்டது. ஒரு சுவரில் மட்டும் புது வால்பேப்பரோ புது பெயின்டோ இருந்தால் சந்தேகப்படுங்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் பெரிய விலை இல்லை, கையோடு கொண்டுபோங்கள். இன்னொன்று, நம் ஊரில் ஜூன், ஜூலை காய்ந்த மாதங்கள். அப்போது எந்த வண்டியும் உலர்ந்துதான் இருக்கும். நல்ல கோடை மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அது முடியாவிட்டால் ஹோஸ் பைப்பால் கூரையில் அரை மணி நேரம் தண்ணீர் அடிக்க விடுவாரா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வேறு வண்டி தேடுங்கள். வாங்கிய பிறகு ஒழுகல் அடைக்க, குளியலறைக்குப் பூசும் சாதாரண சிலிகான் மட்டும் வேண்டாம். அதன்மேல் பின்னால் எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. பாலியூரிதேன் சீலன்ட்டோ பியூட்டைல் டேப்போ வாங்குங்கள்.

கேஸ் ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் கேள்வியே கேட்காமல் புதிதாக மாற்றி, பதிவு பெற்ற கேஸ் ஃபிட்டரிடம் கசிவு சோதனை செய்யுங்கள். பேரப்பிள்ளைகள் தூங்கப்போகும் இடம். ஃபிரிட்ஜானது கேஸ், 12 வோல்ட், 220 வோல்ட் என்ற மூன்றிலும் ஓடும் வகையாக இருந்தால் மூன்றிலும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அது குளிர நேரமாகும், முந்தின ராத்திரியே போட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் மஞ்சள் கறையோ அம்மோனியா நெடியோ இருந்தால் அந்த ஃபிரிட்ஜின் கதை முடிந்தது. ரோட்வொர்த்தி பரிசோதனை செய்பவர் இது எதையும் பார்க்கமாட்டார். அவர் பிரேக், ஸ்டியரிங், லைட், டயர் பார்ப்பார், உங்கள் வீட்டைப் பார்க்கமாட்டார்.

இனி காகிதம். பதிவுத் தாளில் இது மோட்டார்ஹோம் என்று மாற்றப்பட்டிருக்கிறதா, இன்னும் பஸ் என்றே இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் பின்னால் வம்பு. லைசென்ஸுக்கும் இது முக்கியம். உங்களிடம் இருப்பது சாதாரண கார் லைசென்ஸான கோட் பி என்றால், வெற்று எடை 3,500 கிலோவைத் தாண்டிய வண்டியை ஓட்ட முடியாது, கனரக வண்டிக்கான சி1 எடுக்க வேண்டும். பஸ் அல்லது சரக்கு வண்டி என்று பதிவாகியிருந்தால் வெற்று எடைக்குப் பதிலாக, சாமான் ஏற்றிய அதிகபட்ச எடையையே கணக்கில் எடுப்பார்கள். பஸ் சேசி என்கிறீர்கள், பெரும்பாலும் உங்களுக்கு சி1 வேண்டியிருக்கும். இரண்டு எடையும் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கிலேயே இருக்கும். ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், பெயர் மாற்றத்தை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது, முன்கூட்டியே பேசி முடிவு செய்த மதிப்புக்கு எடுங்கள். இப்படிப்பட்ட வண்டிக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. இழப்பு வந்த பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை ஆகிவிடும்.

விற்பவர் தனிநபர் என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உதவாது. அவர் ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளபடியே விற்கிறேன் என்று எழுதுவார். குறை தெரிந்தே வேண்டுமென்று மறைத்தார் என்றால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது. ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் வேலை. ஆகவே "கூரையில் ஒழுகல் உண்டா, எப்போதாவது ஈரம் வந்ததா?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் போய்த் திரும்பும்போது, வான் ரீனன் இறக்கத்தில் எங்கள் பழைய மோட்டார்ஹோமில் கருகல் வாசனை வந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லில் பிரேக் பெடல் மிதித்ததும் தரை வரை போனது. கராஜில் பிரேக் பேட் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது? (டோங்காட் வாசகி)

பதில்: பேட் நன்றாக இருக்கலாம், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது அம்மா? பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் நின்ற வண்டியில் கேட்கவே வேண்டாம். இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பெடல் மிதித்தாலும் அழுத்தம் சேராது. ஆயிலை முழுவதும் வடித்து மாற்றுங்கள், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. வண்டியைப் பல மாதம் ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால், ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் துருப்பிடித்து இறுகிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே ஓடும். உங்களுக்கு வந்த கருகல் அதுவாகவும் இருக்கலாம். கராஜில் நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தும்போது சமதளத்தில் சக்கரத்துக்கு அடை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஓட்டுபவருக்கும் ஒரு சொல்: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாதி இறக்கத்தில் அல்ல. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

வாரம் ஒரு முறை வாசலிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். எஞ்சின் ஆயில் சூடேறாமல் ஈரம் உள்ளேயே தங்கும். மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள்.

கேள்வி: டீலரிடம் பழைய மோட்டார்ஹோம் வாங்கினேன். மூன்றாம் வாரமே கூரை ஒழுகுகிறது. ஐந்து நாளுக்குள் சொல்லவில்லை, இனி ஒன்றும் முடியாது என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. அந்த ஐந்து வேலை நாள் விதி, அவர்களாக உங்களைத் தேடி வந்து விற்றால் மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு. டீலரிடம் வாங்கியதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளுக்கு ஆறு மாதம் இருக்கிறது. பழுதுபார்த்துத் தருவது, மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது, இதில் எது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு. வாங்கும்போதே "கூரை ஒழுகும்" என்று குறிப்பாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தாலோ, ஏலத்தில் எடுத்திருந்தாலோ இது செல்லாது. கூரையைத் தொடாமல் படம் எடுத்து, டீலருக்கு மின்னஞ்சலில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் மோட்டார் தொழில் ஓம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிப்பவர்) அதே மின்னஞ்சலை இணைத்து அனுப்புங்கள்.