மணல் லாரிக்கு ரஷ்யத் தோட்டா

கேள்வி: ரஷ்யப் போலீசிடம் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழலில் செய்த ஷாட்கன் ஒன்று இருக்கிறதாமே! ஒரே குண்டில் லாரி எஞ்சின் நொறுங்குவதை வீடியோவில் காட்டுகிறார்கள். இங்கே கொள்ளிடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக மணலை அள்ளிக்கொண்டு, தடுக்க வருகிறவர் மேலேயே வண்டியை ஏற்றப் பார்க்கிறார்கள். நம் போலீசுக்கும் அதில் நாலு வாங்கிக் கொடுத்தால் என்ன?
– வாசகர் ஒருவர், அணைக்கரை

பதில்: துப்பாக்கி நிஜம்தான். பெயர் கே.எஸ்-23. 1970களில் சோவியத் உள்துறை அமைச்சகம், சிறைக் கலவரங்களை அடக்கவென்று கேட்டுச் செய்யச் சொன்னது. 23 மி.மீ. பீரங்கிக்காகச் செய்து, தரச் சோதனையில் தேறாமல் ஒதுக்கிய குழல்களை வெட்டிக் குட்டையாக்கி இதற்குப் போட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பீரங்கியின் அழுத்தத்துக்கு லாயக்கில்லாத குழல், ஷாட்கன் தோட்டாவுக்குத் தாராளம். லாரிக்கு ஆகாத டயர் மாட்டு வண்டிக்கு வருவதில்லையா, அப்படி.

அந்த 23 மி.மீ. எவ்வளவு பெரிசு? கும்பகோணத்தில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் வாசலில் முன்னாள் ராணுவத்துக்காரர் ஒருவர் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இடுப்பு வாரில் சிவப்புத் தோட்டாக்கள் வரிசையாகச் செருகியிருக்கும். டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருந்த ஒரு நாள், ஒன்றை உருவிக் காட்டினார். பித்தளை அடி, கட்டைவிரல் பருமன். அது பன்னிரண்டு 'போர்' (bore), அதாவது குழல் அளவு. ஒரு ராத்தல் (பவுண்டு) ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிடித்தால், ஓர் உருண்டை நுழையும் அளவு குழல் என்று அர்த்தம், சுமார் 18.5 மி.மீ. அதே ஈயத்தில் ஆறே உருண்டை பிடித்தால் ரஷ்யக் குழலின் அளவு வந்துவிடும். லட்டுக் கணக்குதான்: எண்ணிக்கை குறைந்தால் உருண்டை பெரிசு. (நம் போலீசிடம் பழைய .410 மஸ்கெட் உண்டு. அந்த எண்ணை வைத்து நானூற்றுப் பத்து உருண்டை பிடித்துவிடாதீர்கள், அது அங்குலக் கணக்கு. பத்தரை மி.மீ.கூட இல்லை.)

இவ்வளவு பெரிய குழல் எதற்கு? கொல்வதற்கு என்றால் பன்னிரண்டு போரே அதிகப்படி. இது கொள்வதற்கு. கண்ணீர்ப் புகை மருந்தை ஒரு தோட்டாவில் அடைத்துத் தூரமாக வீச வேண்டுமானால் உள்ளே இடம் வேண்டும். நம் ஊர் கேஸ் கன் 38 மி.மீ. வாயோடு இருப்பதும் அதனால்தான். கே.எஸ்-23க்கும் முக்கியமான சரக்கு புகைத் தோட்டாதான். அதற்கு 'செர்யோமுகா' என்று ஒரு பூமரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், வைத்தவர் கொஞ்சம் குசும்புக்காரர். அது தவிர ரப்பர் குண்டு, வெளிச்சமும் சத்தமுமாக வெடித்துத் திகைக்க வைக்கும் தோட்டா, கிட்டத்தில் சுடும் ரவைத் தோட்டா என்று ஒரு குடும்பமே உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் நீங்கள் பார்த்த எஃகுக் குண்டு. நூறு மீட்டர் வரை எஞ்சின் பிளாக்கை உடைக்கும் என்கிறார்கள். அதன் பெயர் 'பாரிகாடா'. ஆமாம், நம்ம பேரிகார்டேதான்! அங்கே எஃகுக் குண்டு. இங்கே நகைக்கடை விளம்பரத்தோடு சாலையில் உருட்டிவிட்ட இரும்புத் தட்டி.

சரி, வாங்கியே கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். கொள்ளிடக் கரையில் ராத்திரி இரண்டு மணி. மூன்று யூனிட் ஏற்றிய டிப்பர் வருகிறது. ஒரு யூனிட் நூறு கன அடி, காய்ந்த மணலே நாலரை டன் வரும். ஆற்றில் அள்ளிய ஈர மணல் அதற்கும் மேலே. மணல் மட்டும் பதின்மூன்று டன்னுக்குக் குறையாது. அதன் எஞ்சினை உடைத்தால் நிற்பது எஞ்சின். லாரி நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பவர் ஸ்டீயரிங்குக்கு உயிர் கொடுப்பது அந்த எஞ்சின்தான். அது செத்ததும் சக்கரத்தைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். கரைச் சாலையின் அகலம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் படுகை, மறுபக்கம் சரிவில் வீடுகள், காற்றுக்காகத் திண்ணையில் படுத்திருப்பவர்கள். உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவன் நடைக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓட்டுகிற பையன். குறி ஓரடி மேலே போனால் கண்ணாடி வழியாக அவன் நெஞ்சில்தான் பாயும். வண்டியின் முதலாளி அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. லாரிக்கென்று வாங்கிக் கொடுத்த துப்பாக்கி லாரியை மட்டுமே பார்க்கும் என்று நம்புகிறீர்களா? 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஆலையை மூடச் சொல்லிப் போனவர்களில் 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்கள் யாரும் மணல் அள்ளப் போகவில்லை. காஷ்மீரில் 2010 வாக்கில் உயிரைப் பறிக்காத ஆயுதம் என்று சொல்லி இறக்கிய பெல்லட் துப்பாக்கி சாதாரணப் பன்னிரண்டு போர்தான். ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் பொடி ரவை. அவை போய்த் தங்கியது பிள்ளைகளின் கண்ணில்.

மணல் போகிற வலி எனக்கும் உண்டு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதும் போய்ப் பார்த்தவன் நான். ஆர்தர் காட்டன் காலத்துக் கட்டு, நூற்றெண்பது வருஷம் நின்றது. ஆனால், மணல் குவாரி 2003லிருந்து அரசின் கையில் இருக்கிறது. வண்டிக்கு நடைச்சீட்டு உண்டு, நம்பர் பலகை உண்டு. உங்கள் ஊர் டீக்கடையில் எந்த வண்டி யாருடையது என்று தெரியாதவர் ஒருவரைக் காட்டுங்கள். ஸ்டேஷன் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: பிடித்து வைத்த மாட்டு வண்டிகள் மட்கிக் கிடக்கும், சக்கரத்துக்கு நடுவே எருக்கு முளைத்திருக்கும். டிப்பர் அந்த வரிசையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஆற்றுக்குள் லாரி இறங்குகிற பாதையில் குறுக்கே ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினால் போதும், தோட்டா தேவையில்லை. வெட்டினார்கள், விடிவதற்குள் யாரோ மூடிவிட்டார்கள் என்பீர்கள். தெரியும். மூடிய ஜேசிபி யாருடையது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.